ஊதி முடிக்கும் வரை

அம்மாவுக்கு மூச்சு வாங்குவதை இரண்டு வருடமாக வயசுக் கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு அப்போது 58 வயது. மாடியில் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கேட்டால், "ஒண்ணும் இல்லடா, ராத்திரி சரியா தூங்கல" என்பார். மார்கழி வந்தால் இருமல் தொடங்கும், மாசி வரை போகாது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் நெபுலைசர் வைப்பார்கள், ஊசி போடுவார்கள். நான்கு நாள் நன்றாக இருப்பார், அப்புறம் பழையபடிதான்.

எங்கள் ஊர் குடியாத்தம். அம்மா பதினாறு வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். மடியில் முறம், முறத்தில் தூளும் இலையும். ஒரு பீடியைக்கூட வாயில் வைத்தவர் இல்லை. அதனால்தான் நுரையீரல் நோய் என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை. அது புகை பிடிக்கிறவர்களுக்கு வருவது என்று முடிவுகட்டியிருந்தோம்.

போன வருடம் தை மாதம் ஒரு நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார். படுத்தால் அடைக்கிறது என்றார். மறுநாள் அரசு மருத்துவமனையில் முதலில் சளிப் பரிசோதனை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் மற்றதைப் பார்ப்பார்கள், அது சரியான வழிதான். காசநோய் இல்லை என்று வந்தது. மார்பு எக்ஸ்ரேவையும் எடுத்துக்கொண்டு, பள்ளிகொண்டா வழியாகப் பேருந்து பிடித்து வேலூருக்கு ஒரு நெஞ்சக மருத்துவரிடம் போனோம்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல விறகடுப்பா?" இரண்டாவது, "என்ன வேலை பண்றீங்கம்மா?" புகை பிடிப்பவர் வீட்டில் இருக்கிறாரா என்று மூன்றாவதாகத்தான் கேட்டார். முப்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர் அம்மா. கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கு முற்றத்தில் விறகுதான். எழுதிக்கொண்டே, "ஸ்பைரோமெட்ரி எடுத்துட்டு வாங்க" என்றார். குழாயில் ஊதி நுரையீரலைச் சோதிப்பதுதான் அது.

இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊசி கிடையாது, வலி கிடையாது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், இறுக்கமான உடை வேண்டாம். ஏற்கெனவே இன்ஹேலர் எடுப்பவர் என்றால் எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சமீபத்தில் மாரடைப்பு வந்ததா, கண் ஆபரேஷன் செய்தீர்களா என்று கேட்பார்கள். பலமாக ஊதும்போது நெஞ்சிலும் கண்ணிலும் அழுத்தம் ஏறும் என்பதால் அந்தக் கேள்வி. அம்மாவுக்குக் கண்புரை எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது, பரவாயில்லை என்றார்கள்.

மூக்கில் ஒரு கிளிப். வாயில் குழாய். "நல்லா இழுங்கம்மா... இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!" என்று பரிசோதனை செய்யும் பெண் பக்கத்தில் நின்று சத்தம் போடுகிறார். ஆறு நொடியாவது தொடர்ந்து ஊத வேண்டும். அம்மாவுக்கு முதல் இரண்டு தடவையும் பாதியில் இருமல் வந்துவிட்டது. மூன்று நல்ல ஊதல் கிடைக்க ஏழு முயற்சி ஆனது. அந்தப் பெண் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. பிறகு மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் உட்காரவைத்து, மறுபடியும் அதே ஊதல்.

மொத்தம் ஊதியது 1.8 லிட்டர். அதில் முதல் ஒரு நொடிக்குள் வந்தது 1.1 லிட்டர், அதாவது 61 சதவீதம். மருந்துக்குப் பிறகும் 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அடைப்பு நிலையாக இருக்கிறது என்று அர்த்தம். சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார் மருத்துவர்.

அன்று அவர் விளக்கியதுதான் எனக்கு எல்லாவற்றையும் திருப்பிப்போட்டது. நுரையீரலுக்குத் தானாக விரியும் தசை இல்லையாம். கீழே இருக்கும் உதரவிதானம் என்ற தசை இறங்கும்போதுதான் காற்று உள்ளே வருகிறது. வெளியேறுவது, இழுத்துவிட்ட ரப்பர் தானாகச் சுருங்குவதுபோல. மூச்சுக்குழாய் இருபதுக்கும் அதிகமான தடவை கிளை பிரிந்து கடைசியில் காற்றுப் பைகளில் முடிகிறது. அப்படி முப்பது கோடிக்கு மேல் பைகள், எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஏறக்குறைய 750 சதுர அடி. எங்கள் வீடே 400 சதுர அடிதான். அம்மாவுக்குப் பல வருடப் புகையிலும் தூசியிலும் அந்தச் சின்னக் குழாய்கள் வீங்கி, பைகளின் இழுவையும் தளர்ந்துவிட்டது. காற்று உள்ளே போய்விடுகிறது. வெளியே வருவதற்குள் குழாய் மூடிக்கொள்கிறது. பழைய காற்று உள்ளேயே தேங்கி நிற்பதால் புதுக் காற்றுக்கு இடம் இல்லை. "நல்லா மூச்சை இழும்மா" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். விடுவதற்குத்தான் அவர் தவித்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரையே போதும், இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், இன்ஹேலரில் ஒரு அழுத்தம் 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு மருந்து, நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. இதைச் சொன்ன பிறகுதான் அம்மா சம்மதித்தார்.

ஆனால் முதல் மாதம் பலனே தெரியவில்லை. மறுபடி போனபோது, "எப்படி எடுக்கறீங்கன்னு காட்டுங்க" என்றார் மருத்துவர். அம்மா அழுத்திவிட்டு வெடுக்கென்று இழுத்தார். மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் அடித்துத் தங்கிவிடுகிறது என்று அப்போது தெரிந்தது. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை ஒன்று மாட்டிக் கொடுத்தார்கள். குலுக்கி, மூச்சை முழுக்க விட்டு, அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கி, அப்புறம் விட வேண்டும். அம்மாவின் மருந்தில் ஸ்டீராய்டும் இருப்பதால் முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லையென்றால் வாயில் வெண்படலம் வரலாம். ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் துடைக்காமல் காயவிட வேண்டும். துடைத்தால் உள்ளே மருந்து ஒட்டிக்கொள்ளுமாம். உங்கள் வீட்டில் யாராவது இன்ஹேலர் எடுத்தால், தயவுசெய்து ஒரு தடவை மருத்துவர் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தவர், மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விடச் சொன்னார். அப்படி விட்டால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நின்று, குழாய்கள் மூடாமல் திறந்திருக்கும். அம்மா உடனே, "ஊதாங்குழல் ஊதற மாதிரியா?" என்று கேட்டார். அதேதான், ஆனால் பலமாக இல்லாமல் மெதுவாக என்றார் அவர்.

வீட்டில் முதலில் முற்றத்து அடுப்பை இடித்தேன். பீடி வேலையை அம்மா முழுக்க விடவில்லை. அது அவர் கையில் புரளும் சொந்தக் காசு, விடச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. இலை வெட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார், தூள் போட்டுச் சுற்றுவது இல்லை. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போட்டாயிற்று. கெட்டுப்போன பகுதி திரும்ப வராது என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுகிறோம்.

இந்த வைகாசி ஒன்றாம் தேதி எங்கள் ஊர்த் திருவிழாவில் கெங்கையம்மன் சிரசு, அதாவது அம்மனின் தலை ஊர்வலமாக வருவதைப் பார்க்க வருகிறேன் என்றார் அம்மா. முந்தின வருடம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டவர். ஆட்டோ வைக்கிறேன் என்றேன், வேண்டாம் என்று நடந்தார். கூட்டத்தில் இரண்டு இடத்தில் நின்று, இடுப்பில் கை வைத்து, உதட்டைக் குவித்து ஊதினார். நான் பக்கத்தில் நின்று மனசுக்குள் நான்கு எண்ணினேன். "வாடா, சிரசு தாண்டிடும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.