ஸ்டீம்பங்க் பொருளைச் சந்தை மேசைக்குக் கொண்டுபோவது

ஸ்டீம்பங்க் என்றால் நீராவி இயந்திரக் காலத்துப் பாணியில் பித்தளை, தோல், பல்சக்கரம் வைத்துச் செய்யும் கைவினை. வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் வரை எல்லாப் பொருளும் உறுதியாகத்தான் தெரியும். கைவினைச் சந்தையில் கடை விரித்தால் நிலைமையே வேறு. மாலைக்குள் ஆளாளுக்குத் தூக்கிப் பார்ப்பார்கள், திருகுவார்கள், சிறுவர்கள் சக்கரத்தைச் சுழற்றுவார்கள். கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குகிறவர்களும் குறைவு. அதனால் பசை முதல் விலைச்சீட்டு வரை எல்லாவற்றையும் அந்தக் கைகளை நினைத்தே முடிவு செய்கிறோம்.

முதலில் விண்ணப்பம். நடத்துபவர்கள் பெரும்பாலும் படங்களைப் பார்த்துத்தான் இடம் தருகிறார்கள். பித்தளையும் தோலும் பழுப்பு மரப்பலகை மேல் இருந்தால் படத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். வெளிர் சாம்பல் தாள் போதும். விரித்த கடையின் முழுப் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். நகைப் பிரிவில் எப்போதும் தள்ளுமுள்ளுதான். மினியேச்சரும் (வீடு, இயந்திரம் போன்றவற்றின் குட்டி மாதிரி) செய்கிறீர்கள் என்றால் மினியேச்சர் பிரிவில் கேட்பது நல்லது.

ஸ்டீம்பங்க் தெரிந்த வாடிக்கையாளர் முதலில் பார்ப்பது பல்சக்கரத்தை. சும்மா ஒட்டிவைத்த சக்கரத்தைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார். பற்களின் அளவு ஒன்றாக இல்லாத இரண்டு சக்கரங்களைக் கோக்க முடியாது. கோத்த இரண்டு சக்கரங்கள் எதிரெதிராகச் சுழலும். மூன்றை முக்கோணமாக வைத்து மூன்றையும் ஒன்றோடொன்று கோத்தால் எதுவுமே சுழலாது. இந்த முக்கோணத்தை எத்தனையோ பதக்கங்களில் பார்க்கலாம்; பொறியியல் படித்தவர் யாராவது சிரித்துவிட்டுப் போவார். சுழலத் தேவையில்லை, சுழலக்கூடும் என்று தோன்றினால் போதும்.

மினியேச்சரில் சிக்கல் அளவுவிகிதத்தில் வரும். 1:12இல் ஒரு அடி ஓர் அங்குலமாகிறது. 3 மில்லிமீட்டர் செம்புக் குழாய் அங்கே 36 மில்லிமீட்டர் நீராவிக் குழாய்; பாதி உருண்டையாக இருக்கும் 1.5 மில்லிமீட்டர் ஒட்டுமணி அங்கே 18 மில்லிமீட்டர் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) தலை. இரண்டும் நம்பும்படி இருக்கும். கைக்கடிகாரத்தின் 8 மில்லிமீட்டர் சக்கரம் 1:12இல் பத்து சென்டிமீட்டர்கூட இல்லை, சின்ன இயந்திரத்துக்குப் பொருந்தும். அதே சக்கரம் 28 மில்லிமீட்டர் உயர மனிதப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட அரை மீட்டர் ஆகிவிடும். இரண்டு அளவுகளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், இரண்டுமே பொய்யாகத் தெரியும்.

பசைதான் அதிகம் காலை வாரிவிடுவது. சூப்பர் க்ளூவின் ஆவி மெருகிட்ட பித்தளையிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் படலமாகப் படியும். ஒட்டிய கையோடு கண்ணாடிக் குடுவையால் மூடினால் மறுநாள் உள்பக்கம் முழுக்கப் பூத்திருக்கும். உலோகத்தோடு உலோகம் சேர இரண்டு குழாய் எபாக்சிதான் சரி. பெரும்பாலானவை சரிக்குச் சரி கலப்பவை. இரண்டில் ஒன்றின் அளவு கூடினால் கடைசி வரை பிசுபிசுப்பாகவே இருக்கும். ‘ஐந்து நிமிடம்’ என்று போட்டிருப்பது கையை எடுக்கலாம் என்பதற்குத்தான், முழு வலுவுக்கு ஒரு நாள் விட வேண்டும். சந்தைக்கு முந்தைய இரவு ஒட்டியதைக் கொண்டுபோகாதீர்கள். கடிகாரப் பாகங்களில் எண்ணெய் இருக்கும்: ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, ஒட்டும் பக்கத்தை 220ஆம் எண் உப்புத்தாளால் உரசிய பிறகே பசை. சூட்டுப்பசைத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் அது இளகி, பெட்டியைத் திறக்கும்போது பாகங்கள் தனித்தனியே கிடக்கும். அடிக்கடி கை படும் பிடி, நெம்புகோல் போன்றவற்றைப் பசையை மட்டும் நம்பி விடுவதில்லை. 1 மில்லிமீட்டர் துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகுகிறோம், இடம் இருந்தால் எம்2 (2 மில்லிமீட்டர்) திருகு.

வெறும் பித்தளையில் விரல்ரேகை கருத்துவிடும். கை படுவதற்கு மெல்லிய லாக்கர் (ஒளிபுகும் வார்னிஷ்) இரண்டு பூச்சு, காட்சிக்கு மட்டும் என்றால் மெழுகு. ரசாயனத்தில் பச்சை ஏற்றியதை நன்றாக அலசி முழுக்க உலரவிடாமல் லாக்கர் அடித்தால் அடியில் புள்ளி புள்ளியாகக் கிளம்பும்.

பழைய கடிகாரங்களைப் பிரிக்கிறவர்கள் கவனிக்க: 1970க்கு முந்தைய ஒளிரும் முட்களிலும் எண்களிலும் கதிரியக்கமுள்ள ரேடியம் கலந்த பூச்சு இருக்கலாம். இப்போது இருட்டில் ஒளிரவில்லை என்றால் தீர்ந்துபோனது ஒளிர்வதற்காக உடன் கலந்த துத்தநாக சல்பைடுதான். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள், அதனால் கதிர்வீச்சு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அந்தப் பூச்சைச் சுரண்டக் கூடாது, உரசக் கூடாது, பதக்கத்தில் வைத்து விற்கவே கூடாது. சந்தேகம் வந்தால் அந்த முகப்பை ஒதுக்கிவிடுங்கள், சக்கரம் வேறு எங்கும் கிடைக்கும். தோலில் படும் இடத்தில் கடிகாரப் பாகம் வேண்டாம், பலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது. காதணிக் கொக்கிக்கு டைட்டானியம் நிம்மதி.

குட்டி விளக்குகளுக்கு வெள்ளை எல்இடி போடுகிறவர்கள் அதிகம். அதற்கு 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் தேவை, 3 வோல்ட் பட்டன் பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே மங்கிவிடும். அம்பர் நிறத்துக்குச் சுமார் 2 வோல்ட் போதும், வாயு விளக்கின் நிறமும் இயல்பாக வரும். சிஆர்2032 பேட்டரி, 220 ஓம் ரெசிஸ்டர் என்றால் சுமார் 4.5 மில்லி ஆம்பியர் ஓடும். ஒரு பேட்டரி சந்தை நாள் முழுக்கத் தாங்கும். பேட்டரி மூடியைத் திருகு போட்டுத்தான் பூட்ட வேண்டும். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மேசை உயரம் சுமார் 75 சென்டிமீட்டர். அதன்மேல் வைத்த மினியேச்சரின் கூரைதான் தெரியும். படிப்படியாக உயர்த்தி, முக்கியமான ஒன்றைத் தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் வாக்கில் வையுங்கள். பெரியவர் லேசாகக் குனிந்தால் ஜன்னல் வழியே உள்ளே பார்க்கலாம். பக்கத்தில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிவையுங்கள். அதை எடுத்தவர் சீக்கிரம் நகரமாட்டார். வெளிச்சம் 2700 கெல்வின், அதாவது இளமஞ்சள் நிறம். வெள்ளை டியூப் வெளிச்சத்தில் பித்தளை வெளிறிப்போகும். கண்ணில் மாட்டும் காகிள்ஸ் விற்றால் முகம் பார்க்கும் கண்ணாடி கட்டாயம், ‘அலங்காரத்துக்கு மட்டும், கண்ணைக் காக்காது’ என்ற சீட்டும்.

விலை விஷயத்தில் பெரிய துண்டு கூட்டத்தைக் கூட்டும், சின்னதுதான் வாடகையைக் கட்டும். வாடகை மீள எத்தனை சாவிக்கொத்து விற்க வேண்டும் என்று விண்ணப்பத்துக்கு முன்பே கணக்குப் போடுங்கள். கொண்டுபோகும் சாவிக்கொத்துகளில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தச் சந்தை கட்டுபடியாகாது. விலையில் பொருள் செலவோடு நேரமும் சேரவேண்டும். சக்கரம் பிரிப்பதும் கழுவுவதும் அந்த நேரத்தில்தான் வருகிறது. விலைச்சீட்டை அடியில் ஒட்டினால் விலை தெரிந்துகொள்ளவே திருப்புவார்கள், தளர்ந்த பாகம் அப்போதுதான் விழும். முன்பக்கம் தெரிய வையுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் அப்படியே நகர்ந்துவிடமாட்டார்கள்.

‘இதே மாதிரி வேறு நிறத்தில் செய்து தருவீர்களா’ என்று கேட்பார்கள். கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகத்தில் அளவு, நிறம், தேதி எழுதி, பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள். ‘இதே சக்கரம் இருக்காது, இதைப் போன்றது இருக்கும்’ என்ற வரியையும் அதிலேயே எழுதி அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.