மணியின் வயிற்று நீர் சொன்ன பதில்

எங்கள் பூனை மணிக்குப் பத்து மாதம் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. ஆன்டிபயாடிக் போட்டும் இறங்கவில்லை. முதுகெலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு மெலிந்தான். வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. குடற்புழு என்று நினைத்து மருந்து கொடுத்ததில் சில நாள் வீணானது. அது இன்னும் உறுத்துகிறது.

முதலில் காட்டிய இடத்தில் கொரோனா ஆன்டிபாடி, அதாவது அந்தக் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதம், பாசிட்டிவ் என்றதும், "எஃப்ஐபி, பிழைக்காது" என்று சொல்லிவிட்டார்கள். எஃப்ஐபி என்பது பூனைகளுக்குக் கொரோனா வைரஸால் வரும் கொடிய நோய். அன்றிரவு அவனை மடியிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் வேறொரு மருத்துவரிடம் போனோம். இது நமக்கு வந்த கோவிட் கிருமி இல்லை என்றார். பூனைகள் கூட்டமாக இருக்கும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கொரோனா குடலில் வந்து தங்கும். பலவற்றுக்கு லேசான பேதிகூட இருக்காது. மிகச் சிலவற்றின் உடலில்தான் வைரஸ் உருமாறி, வெள்ளணுக்களுக்குள் பெருகி எஃப்ஐபி ஆகிறது. ஆன்டிபாடி இருந்தால் கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரத்தத்தில் ஆல்புமின், குளோபுலின் என்ற இரு வகைப் புரதங்களின் விகிதம் 0.35. இது 0.8க்கு மேல் இருந்தால் எஃப்ஐபி ஆக இருக்க வாய்ப்பு குறைவாம், 0.4க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும். ஸ்கேனில் வயிறு முழுக்க நீர். ஊசியில் எடுத்தபோது வைக்கோல் நிறத்தில், இழுத்தால் நூல்விடும் பிசுபிசுப்போடு வந்தது.

அடுத்து, அந்த நீரை வைத்துச் செய்யும் ரிவால்ட்டா என்ற எளிய சோதனையை என் கண் முன்னாலேயே செய்தார். கண்ணாடிக் குழாயில் காய்ச்சி வடித்த நீர், அதில் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம். மேலே மணியின் வயிற்று நீர் ஒரு சொட்டு. கரைந்து மறைந்தால் எஃப்ஐபி பெரும்பாலும் இல்லை. எங்கள் சொட்டு கரையவில்லை. உருவம் கலையாமல், வெள்ளையாக, மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதுவும் முடிவில்லை, வயிற்றில் பாக்டீரியா தொற்று இருந்தாலும் இப்படி வரலாம் என்று அந்த நீரையே, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினார். பூனைக் கொரோனா ஏராளமாக இருந்தது. எல்லாம் ஒரே பக்கம் காட்டியதும்தான் நோயின் பெயரைச் சொன்னார். கண்ணுக்கும் மூளைக்கும் பரவியிருக்கிறதா என்றும் பார்த்தார். பரவியிருந்தால் மருந்தின் அளவு கூடும்.

வைரஸ் பெருகாமல் தடுக்கும் ஜிஎஸ் 441524 என்ற மருந்து, தினமும் ஒரே நேரத்தில், 84 நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் காலை, தட்டை நான் கீழே வைக்கும் முன்பே தலையை நீட்டினான்.