எச்ஓ (1:87 அளவு மாடல் ரயில்) லேஅவுட்டில் இன்ஜினைத் திருப்ப: லூப் முடிந்தது, முக்கோணம் பாக்கி

வண்டி சுற்றி வந்து எதிர்த்திசையில் அதே பாதைக்குத் திரும்பும் லூப்புக்குத் தண்டவாளம் போடுவது சுலபம், வயரிங்கில்தான் சிக்கல். பாதை சுற்றி வந்து தன்னோடே சேரும் இடத்தில் இடது தண்டவாளம் வலதைத் தொடுகிறது. ஒரு தண்டவாளம் ஒரு மின்முனை, மற்றது மறுமுனை என்பதால் அது நேரடி ஷார்ட். (மெர்க்லின் நிறுவனத்தின் எச்ஓ ஏசி பாதைக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அங்கே இரண்டு தண்டவாளமும் ஒரே முனை, மறுமுனை நடுவில் உள்ள குமிழ்களில்.)

லூப்பின் இரு வாயிலும் இரண்டு தண்டவாளத்தையும், ஆக நான்கு இடத்தில், டர்ன்அவுட்டின் (பாதை பிரியும் இடம்) ஃபிராக்கை (அதில் இரு தண்டவாளம் குறுக்கிடும் புள்ளி) தாண்டி வெட்டியாயிற்று. வெட்டைச் சும்மா விட்டால் வெப்பத்தில் தண்டவாளம் நீண்டு மூடிக்கொள்ளும். அதனால் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டைச் செருகி ஒட்டி, காய்ந்ததும் அரத்தால் தண்டவாளத்தின் வடிவத்துக்கே தேய்க்க வேண்டும். மேலே துளி நீட்டிக்கொண்டிருந்தாலும் சக்கரம் துள்ளும். தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் வயரை இணைக்கும் முன்பே மல்டிமீட்டரை வைத்து நான்கு வெட்டையும் பார்த்துவிடுவது நல்லது. பிறகு தேடினால் எந்த வெட்டு என்றே தெரியாது.

பலரும் கோட்டை விடுவது நீளத்தில். உலோகச் சக்கரம் வெட்டின் மேல் ஏறும்போது இரு பக்கத்தையும் இணைத்துவிடும். இன்ஜின் வெளிவாயில் வெட்டிலும் கடைசிப் பெட்டி உள்வாயில் வெட்டிலும் ஒரே நேரத்தில் இருந்தால், ஆட்டோ ரிவர்சர் (ஷார்ட்டை உணர்ந்து லூப்பின் மின்முனையைத் தானே மாற்றும் கருவி) எப்படி மாற்றினாலும் ஒரு வெட்டில் ஷார்ட். 200 மி.மீ. இன்ஜினும் 250 மி.மீ. பெட்டிகள் ஐந்தும் 1450 மி.மீ.; வெட்டுகளுக்கு இடையிலான தனித்த பகுதி 1600 இருக்கட்டும்.

ரிவர்சரின் ட்ரிப் அளவு (ஷார்ட் என்று எடுத்துக்கொள்ளும் மின்சார அளவு) பூஸ்டருடையதைவிட (தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் சாதனம்) குறைவாக இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பூஸ்டர் முந்திக்கொண்டு அணைந்துவிடும். 5 ஆம்பியர் பூஸ்டருக்கு 3 வைத்துத் தொடங்கலாம். ரொம்பக் குறைத்தால், இன்ஜினுக்குள் கட்டளையை வாங்கி ஒலியும் எழுப்பும் சவுண்ட் டிகோடரின் கெப்பாசிட்டர் நிரம்பும்போது இழுக்கும் மின்சாரத்தையே ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு ரிவர்சர் படபடக்கும். டிசிசியில் (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) திசை கட்டளையில் இருப்பதால் முனை மாறுவது இன்ஜினுக்குத் தெரியாது. சாதா டிசியில் வண்டியை லூப்புக்குள் நிறுத்தி, மெயின் லைனின் முனையை இரு வயரையும் இடம் மாற்றும் டிபிடிடி சுவிட்சால் மாற்றித்தான் வெளியே எடுக்க முடியும்.

முக்கோணத்துக்கு (மூன்று டர்ன்அவுட்டால் இணைந்த மூன்று பாதை) ரிவர்சர் தேவையில்லை. ஒரு மூலையிலிருந்து நீளும் முட்டுப் பாதைதான் வால். வால் டர்ன்அவுட்டின் ஃபிராக் பக்கம் இரு கால்களையும் வெட்டி, டர்ன்அவுட்டையும் வாலையும் ஒன்றாகத் தனிமைப்படுத்தி, டர்ன்அவுட் மோட்டாரின் கான்டாக்ட் வழியே மின்சாரம் கொடுத்தால் போதும். எந்தக் காலுக்குத் திருப்புகிறோமோ அந்த முனையை வால் எடுத்துக்கொள்ளும். இன்ஜின் மட்டும் திரும்பினால் போதும் என்பவர்களுக்கு, 200 மி.மீ. இன்ஜினுக்கு, டர்ன்அவுட்டைத் தாண்டி 300 மி.மீ. வால் தாராளம். மோட்டார் மாட்டியதும் அடுத்த சோதனை அதில்தான்.