செதுக்கிய பலகை, பதமான மண்: மாணவர்களுடன் செரோக்கி முத்திரைப் பானை செய்த அனுபவம்

சென்ற வார இறுதியில் நெருப்பிலிருந்து எடுத்த பானைகளில், கோலம் செதுக்கிய தட்டுப்பலகையால் தட்டிப் பதித்த கோடுகள் கழுத்திலிருந்து அடிவரை மழுங்காமல் நின்றிருக்கின்றன. நான் தன்னார்வலராக உதவும் ஏழாம் வகுப்புக் கலைப் பாடத்தில் இப்படி ஒரு தெளிவு வந்தது இதுவே முதல் முறை. வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதியில் உள்ள எங்கள் பள்ளிக்கு, வட்டார அருங்காட்சியகம் ஒன்றின் ஏற்பாட்டில், அமெரிக்கப் பழங்குடியினரான கிழக்குச் செரோக்கி மக்களைச் சேர்ந்த மண்பாண்டக் கலைஞர் ஒருவர் சில வாரங்கள் வந்து கற்பித்தார். அவரிடம் மாணவர்களோடு சேர்ந்து நானும் கற்றவற்றில், மண்வேலை செய்யும் நண்பர்களுக்குப் பயன்படக்கூடியதை இங்கே எழுதுகிறேன். மண்ணைச் சுருள்களாகத் திரித்து அடுக்குவதும் அவற்றின் இணைப்புகளைத் தேய்ப்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே என்பதால், நேராகத் தட்டுப்பலகைக்கு வந்துவிடுகிறேன்.

நம் ஊர்க் குயவர் பானையின் அடியைத் தட்டி மூடும்போது கையில் பிடிக்கும் பலகையைப் போன்றதுதான் இதுவும். ஆனால், இதன் முகத்தில் வளைகோடுகளோ, கட்டங்களோ, ஒன்றுக்குள் ஒன்றாகச் செல்லும் சதுரங்களோ செதுக்கப்பட்டிருக்கும். பலகையில் பள்ளமாக இருப்பது பானையில் மேடாக எழும். இந்த ஒரு செய்தியை மாணவர்களுக்கு எத்தனை முறை வாயால் சொன்னாலும் போதாது. களிமண் துண்டில் பலகையை அழுத்திக் காட்டிய பிறகே அவர்கள் தங்கள் வரைபடங்களைத் திருத்தத் தொடங்கினார்கள். கோடுகளை மெல்லிய கீறல்களாக வெட்டினால் தட்டும்போது மண் அதற்குள் ஏறுவதில்லை. பள்ளம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆழமாகவும், அதன் சுவர்கள் மேல்நோக்கிச் சற்றே விரிந்தும் இருந்தால்தான் மண் உள்ளே ஏறி, பலகையை எடுக்கும்போது கிழியாமல் விடுபடுகிறது. சுவர்கள் செங்குத்தாக நின்றால் மண் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு, பானையின் முகத்தில் சொரசொரப்பான காயத்தை விட்டுச் செல்கிறது. இந்தச் சாய்வுக்கு, வளைந்த முனையுள்ள உளிதான் உகந்தது என்பது என் உறுதியான கருத்து. கூர்முனைக் கத்தியால் செதுக்கிய பலகைகள் ஒன்றுகூட இந்த அளவுக்கு நன்றாக அமையவில்லை.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டியூலிப் பாப்லர் என்னும் மென்மையான மரம் மலிவாகக் கிடைக்கிறது, மாணவர்களின் கைக்கு எளிதாகவும் வெட்டுப்படுகிறது. ஆனால், மண் ஒட்டாமலிருக்கப் பலகையை அடிக்கடி ஈரப்படுத்த வேண்டியிருப்பதால், கோடுகளின் விளிம்புகள் விரைவிலேயே நைந்துவிடுகின்றன. செர்ரி மரத்தில் செதுக்குவது கடினம் என்றாலும், ஒரு பருவம் முழுவதும் அது அப்படியே நிற்கிறது. எங்களுக்கு அருகிலுள்ள தளவாட மரக்கடை ஒன்றில் வெட்டி எஞ்சிய செர்ரித் துண்டுகளை எடைக்கு விற்கிறார்கள். கைவினைப் பொருள் கடைகளில் விற்கும் தயார்ப் பலகைகளுக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆவதில்லை.

தட்டும் வேளைதான் இதில் மிகவும் நுட்பமானது. பானையின் சுவர் விரலால் அழுத்தினால் வளைந்துகொடுக்க வேண்டும், ஆனால் விரல் ரேகை பதியக்கூடாது. இந்தப் பதம் வருவதற்கு முன்பே தட்டினால் சுவர் சரிந்துவிடும், பதம் கடந்தபின் தட்டினால் கோடு பதியாது, அல்லது விளிம்பில் வெடிப்பு விழும். வகுப்பறையில் வெப்பமூட்டி ஓடிக்கொண்டிருப்பதால் வாய்விளிம்பு முதலில் காய்ந்து, அடிப்பகுதி ஈரமாகவே இருந்துவிடுகிறது. எனவே விளிம்பைச் சுற்றி ஈரத்துணியைக் கட்டி, உடலை மட்டும் திறந்து வைக்கும்படி கலைஞர் சொன்னார். வகுப்பு முடிந்ததும் பானையை நெகிழித்தாளால் முழுவதுமாக மூடிவைத்தால், அடுத்த வகுப்பு வருவதற்குள் ஈரம் சுவர் முழுவதும் சீராகப் பரவி, எல்லாப் பானைகளும் ஒரே பதத்தில் கைக்கு வருகின்றன. இந்தச் சிறு ஏற்பாடுதான் எங்கள் வெற்றிக்குக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

உள்ளே இடது கையையோ வழுவழுப்பான ஆற்றுக்கல்லையோ அணைகொடுத்து, வெளியிலிருந்து தட்ட வேண்டும். அழுத்தக்கூடாது, இழுக்கக்கூடாது, பலகையை நேராக எடுக்க வேண்டும். மாணவர்கள் இயல்பாகவே தளஓடு பதிப்பதைப் போல ஒவ்வொரு முத்திரையையும் மற்றதன் ஓரத்தோடு பொருத்த முயன்றார்கள். கலைஞர் அதைத் தடுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி தட்டிக் காட்டினார். தொல்லியலாளர்கள் ‘குவாலா’ என்று பெயரிட்டிருக்கும் பழைய செரோக்கிப் பானைகளில் முத்திரைகள் இவ்வாறே ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. தட்டுவது அலங்காரத்துக்காக மட்டும் செய்யப்படுவதல்ல. சுருள்களை இறுக்கி, சுவரை மெலிதாக்கி, காற்றிடைவெளிகளை வெளியேற்றுவதும் அந்த அடிகள்தான். இதைப் புரிந்துகொண்ட மாணவி ஒருத்தி, கோலம் கலைந்தாலும் பரவாயில்லை என்று தன் பானையின் தோள்பட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தாள். நெருப்பில் ஒரு கீறல்கூட விழாமல் வந்தது அவளுடைய பானைதான்.

இந்த மரபு எப்படி வந்து சேர்ந்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் பலகையைக் கையில் கொடுப்பது சரியல்ல. 1838-இல் செரோக்கி மக்களில் பெரும்பாலோர் தங்கள் நிலங்களிலிருந்து மேற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டார்கள். இந்த மலைகளில் எஞ்சியவர்களின் வழிவந்தவர்களே இன்று குவாலா எல்லைப்பகுதி என்னும் தங்கள் நிலத்தில் வாழும் கிழக்குச் செரோக்கியர். 1908-இல் எம். ஆர். ஹாரிங்டன் என்னும் ஆய்வாளர் இங்கே வந்து, ஐவி கட்டல்ஸ்டா என்ற பெண்மணி பழைய முறையில் பானை செய்வதைக் கண்டு எழுதிவைத்தார். அதற்குள் இரும்புப் பாத்திரங்கள் சமையலறையைப் பிடித்துவிட்டன. பிறகு சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பதற்காகச் சிறிய, மெருகேற்றிய கருநிறப் பாண்டங்கள் பெருகின. திருமண உறவால் இங்கு வந்த கட்டாபா என்னும் வேறொரு பழங்குடிப் பெண்களின் கைத்திறனும் அவற்றில் கலந்தது. பிக்மீட் என்னும் குயவர் குடும்பத்துப் பெண்களும், 2018-இல் மறைந்த அமாண்டா ஸ்விம்மரும் அந்தக் கருநிற மரபை உயர்ந்த நிலையில் வைத்திருந்தார்கள். ஆனால், பெரிய முத்திரைப் பானைகள் ஏறக்குறைய அருங்காட்சியகப் பேழைகளுக்குள் மட்டுமே மிஞ்சின. 2000-களின் தொடக்கத்தில் செரோக்கி நகரின் அருங்காட்சியகம் பயிற்சிகளை நடத்தி, குயவர் சங்கம் ஒன்று உருவாக உதவிய பிறகுதான் தட்டுப்பலகை மீண்டும் பலருடைய கைகளுக்கு வந்தது. ஓக்லஹோமாவிலோ, 1960-களின் பிற்பகுதியில் அன்னா மிட்செல் என்ற செரோக்கிக் குயவர் ஏறக்குறைய தனியாகவே பழைய பாண்டங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்று, தன் மகள் உட்படப் பலருக்கும் கற்றுக்கொடுத்தார். பேழைக்குள் இருந்த ஒரு துண்டு ஓட்டிலிருந்து ஒரு கலை மறுபடியும் எழுந்ததென்றால், அருங்காட்சியகக் கலைஞர் ஒருவர் பள்ளிக்கு வருவதைப் பாட அட்டவணையில் கிடைத்த இடத்தில் செருகப்படும் கேளிக்கையாக எண்ணக்கூடாது. எங்கள் பள்ளியில் அதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் இன்னும் மிகக் குறைவு என்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன்.

இன்னொன்றையும் கலைஞர் கண்டிப்பாகச் சொன்னார். புதைகுழிகளில் கிடைத்த பாண்டங்களின் கோலங்களைப் பார்த்துச் செதுக்கக்கூடாது. மாணவர்கள் தங்களைச் சுற்றியுள்ள ஆறு, மலைமுகடு, இலை ஆகியவற்றிலிருந்து தங்கள் கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் செய்தவை பயிற்சிப் பானைகள் மட்டுமே. அமெரிக்காவில் 1990-இல் வந்த ‘இந்தியக் கலை, கைவினைச் சட்ட’த்தின்படி (இங்கே ‘இந்திய’ என்பது அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கும்), பழங்குடியின் உறுப்பினரோ, அது சான்றளித்த கைவினைஞரோ அல்லாத ஒருவர் தன் பொருளைச் செரோக்கிப் பானை என்று சொல்லி விற்பது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது தவறுதான். ஆகவே பள்ளிக் கண்காட்சிச் சீட்டுகளில் ‘செரோக்கிக் கலைஞரிடம் கற்றுச் செய்தது’ என்று மட்டுமே எழுதினோம்.

சுடுவதற்கு மாணவர் ஒருவரின் குடும்பம் தங்கள் பண்ணையில் இடம் தந்தது. பானைகளை நெருப்பைச் சுற்றி வைத்து, கை பொறுக்காத சூடு ஏறும்வரை திருப்பித் திருப்பிக் காயவைத்தோம்; உள்ளே தங்கிய நீர் 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகி வெடிக்காமலிருக்க இந்தப் பொறுமை வேண்டும். பிறகு தணல்மேல் கவிழ்த்து, மேலே மரப்பட்டைகளை அடுக்கினோம். 573 டிகிரி செல்சியஸில், மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் சட்டென்று விரிவதால் அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்க வேண்டும் என்பதை மின்சூளை பழகியவர்கள் அறிவார்கள். திறந்த நெருப்பில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இந்த வெப்ப அதிர்ச்சியைத் தாங்குவதற்காகவே பழைய குவாலாப் பாண்டங்களில் பருமணல் கலக்கப்பட்டிருக்கிறது. நாங்களும் கடையில் வாங்கிய களிமண்ணில் சலித்த ஆற்றுமணலைப் பத்துக்கு இரண்டு பங்கு சேர்த்தோம். வழுவழுப்பாக விற்கப்படும் பள்ளிக் களிமண்ணை அப்படியே பயன்படுத்த இனி நான் ஒப்பமாட்டேன்.

உட்புறத்தைக் கூழாங்கல்லால் இழைத்து மெருகேற்றும் வேலை பாதிப் பானைகளுக்கு மட்டுமே நடந்தது. சோளக்கட்டையை எரித்துப் புகையூட்டி உட்புறத்தைக் கருக்கும் கட்டம் இன்னும் மிச்சமிருக்கிறது; அதற்காகப் பக்கத்துப் பண்ணையில் காய்ந்த கட்டைகளைச் சொல்லிவைத்திருக்கிறேன். இதற்கிடையில் என் மனம் ஸ்விஃப்ட் க்ரீக் என்னும் பழைய முத்திரைப் பாண்டங்களின் பக்கம் போய்விட்டது. ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை ஜார்ஜியாவிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் செய்யப்பட்ட அவற்றின் கோலங்களை ஃபிராங்கி ஸ்னோ போன்ற ஆய்வாளர்கள் துண்டு துண்டாகச் சேர்த்து வரைந்திருக்கிறார்கள். பலகையில் விழுந்த ஒரு விரிசல் பானையிலும் பதிந்திருப்பதை வைத்து, தொலைவிலுள்ள இரண்டு ஊர்களில் கிடைத்த ஓடுகள் ஒரே பலகையால் தட்டப்பட்டவை என்று கண்டறிய முடிகிறது. அடுத்த பருவத்தில் மாணவர்கள் தங்கள் பலகைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு தட்ட வேண்டும், பிறகு எந்தப் பானை யாருடைய பலகையால் தட்டப்பட்டது என்று ஓடுகளைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு பாடத்தைக் கலைஞரோடு சேர்ந்து திட்டமிட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு வேண்டிய செர்ரித் துண்டுகளை வாங்கி வைத்தாகிவிட்டது. நல்ல வளைமுனை உளிகள் மட்டும் போதுமான அளவில் இல்லை. பழைய உளிகளைத் தீட்டித் தரக்கூடியவர்கள் வட கரோலினாவில் யாராவது இருந்தால் தெரிவியுங்கள்.