அக்காவுக்காக ஒரு மெழுகுவர்த்தி

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "யெருசலேமுக்கு இனி என்னால போக முடியாது. நீ போனா ஆண்டவர் கல்லறைகிட்ட ஒரு மெழுகுவர்த்தி ஏத்து. எனக்கு வேண்டாம், பக்கத்து வீட்டு அக்காவுக்காக ஏத்து." வலது பக்கம் விழுந்துபோய் பேச்சும் குழறிக்கொண்டிருந்த நாள்களில், இதைச் சொல்லி முடிக்க அம்மாவுக்கு வெகுநேரம் ஆனது. நான் போனில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நேரில் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தது 14 மாதம். மாதாமாதம் பணம் அனுப்பினேன், வீட்டோடு ஆள் வைத்தேன், அந்த ஆள் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் எல்லாம் அக்காதான். அவர் இஸ்லாமியர். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டு, துணி மாற்றிவிட்டுத்தான் தன் வீட்டு வேலையைப் பார்ப்பார். சாயங்காலம் செபமாலை நேரம். அம்மாவின் விரல் மணியைத் தள்ளாது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா ஒவ்வொரு 'அருள் நிறைந்த மரியே'யும் சொல்லி 'ஆமென்' என்றதும் ஒரு மணியைத் தள்ளிவிடுவார். செபம் அவருக்குத் தெரியாது, ஆமென் தெரியும். "எங்களுக்கும் தஸ்பீஹ் இருக்குல்ல, மணி தள்ளுறது எனக்குப் பழக்கம்தான்" என்றாராம்.

அந்தச் செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் திருநாட்டுப் பயணம் கிளம்பினேன். அம்மா போய் ஒரு வருடம் கழிந்திருந்தது.

முதல் நாள் காலையில் பெத்சதா குளம். சிங்க வாசலுக்கு உள்ளே நுழைந்ததும் புனித அன்னா ஆலயம் இருக்கும் அதே வளாகம்தான். சிலுவைப்போர்க்காரர்கள் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் அது. பிறகு சலாவுதீன் காலத்தில் இஸ்லாமியப் பள்ளியாக இருந்ததால், வாசலுக்கு மேலே அரபு எழுத்து இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. உள்ளே பாடினால் குரல் வானத்துக்குப் போய்த் திரும்பி வருவதுபோல் இருக்கும். எங்கள் குழு பாடிக்கொண்டிருந்தபோது நான் வெளியே குளத்தைப் பார்க்க வந்துவிட்டேன். இப்போது தண்ணீர் நிறைந்த குளமில்லை. பல காலத்துக் கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இடிந்து கிடக்க, அடியில் எங்கோ ஆழத்தில் குளத்தின் பழைய சுவர் தெரிகிறது.

ஃபாதர் வந்து யோவான் 5ஆம் அதிகாரத்தை வாசித்தார். 38 ஆண்டுகளாக உடல்நலமில்லாமல் கிடந்தவரைப் பார்த்து, நலம்பெற விரும்புகிறீரா என்று இயேசு கேட்கிறார். அந்த மனிதர் ஆமாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது என்னைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்கிறார். கலங்கியதும் முதலில் இறங்குகிறவருக்குக் குணமாகும் என்பது அந்நாளைய நம்பிக்கை. சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை கேட்ட வாசகம்தான். அன்றைக்கு 'ஆள் இல்லை' என்ற இரண்டு சொல்லில் கால் மடங்கி, அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். என் அம்மாவுக்கு ஆள் இருந்தது, ஆண்டவரே. நான் இல்லை. ஆனாலும் ஆள் இருந்தது. அழுதேன் என்று சொன்னால் போதாது. பக்கத்தில் நின்றவர்கள் பயந்துவிட்டார்கள்.

அங்கிருந்து சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்து போன வழியில் நிலை நிலையாக நின்று செபித்துக்கொண்டே போவது. அதைப் பற்றி மனக்குறையோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும், அது இயேசுவின் காலத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும், சரி. ஆனால் "சாமி பாடுகளின் வழியாக" என்று வாயெடுக்குமுன் முகத்துக்கு நேரே சால்வையை விரிக்கிறார்கள், ஒலிவ மரச் சிலுவையைக் கையில் திணிக்கிறார்கள், திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுக்கிறார்கள். முன்னால் ஒரு குழு ஒரு மொழியில் பாட, பின்னால் இன்னொரு குழு ஒலிபெருக்கியோடு வேறு மொழியில் பாட, மூன்றாம் நிலையா நான்காம் நிலையா என்றே புரியவில்லை.

ஐந்தாம் நிலையில் மட்டும் ஒரு நிமிடம் கிடைத்தது. சிரேன் ஊர் சீமோன் சிலுவையைத் தாங்கிய இடம். பிரான்சிஸ்கன் சபையாரின் சின்னச் சிற்றாலயம். வெளிச்சுவரில் கை அளவுக்குக் குழிந்த ஒரு கல் இருக்கிறது, ஆண்டவர் தடுமாறிக் கைவைத்த இடம் என்று நம்பி எல்லாரும் தொடுகிறார்கள். தொட்டுத் தொட்டு எண்ணெய் பூசினாற்போல் வழவழவென்று இருக்கிறது. என் உள்ளங்கை அதில் பொருந்தி உட்கார்ந்தது. சீமோன் விரும்பி வந்தவர் இல்லை, வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். என் அக்காவை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

திருக்கல்லறை ஆலயத்துக்குள் போனபோது மதியம். கல்லறைக்கு வரிசை சுற்றிச் சுற்றி நின்றது. இரண்டரை மணிநேரம். நடுவில் புகுகிறவர்கள், வழிகாட்டியோடு பக்கவாட்டில் நுழைகிறவர்கள், முழங்கையால் இடிக்கிறவர்கள்... ஆண்டவர் கல்லறைக்கு முன்னால் இப்படியா என்று மனது வெந்துபோனது. எங்கள் முறை வர இன்னும் 20 பேர் இருக்கும்போது, பின்னால் ஒரு வெளிநாட்டு அம்மா அப்படியே சரிந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்து, வியர்த்துக் கொட்டியது.

எல்லாரும் பார்த்தோம். நானும் பார்த்தேன். 'யாராவது கவனிப்பார்கள்' என்றுதான் எனக்குத் தோன்றியது. வரிசையை விட்டால் திரும்ப இடம் கிடைக்காது, நேர்த்திக்கடன் நின்றுபோகும் என்ற பயம். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார். அவர் ஒன்றும் பேசாமல் கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே போய், அந்த அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி நடத்திப் போனார். வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்து அவர் நின்ற இடத்தை மூடிக்கொண்டது.

நான் உள்ளே போனேன். குனிந்து நுழைந்து, பளிங்குப் பலகையில் நெற்றியை வைத்த நொடியில் வெளியிலிருந்து தட்டிவிட்டார்கள், நேரம் முடிந்தது. செபம் வரவில்லை. அக்கா பெயர்கூட வரவில்லை. வெளியே மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன், கையை எடுப்பதற்குள் ஊழியர் ஒருவர் அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டார். அடுத்தவர் வைக்க இடம் வேண்டுமாம். அம்மா கேட்ட ஒரே காரியம்!

ராத்திரி அந்த நர்ஸ் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். "உங்களுக்குப் பார்க்கக் கிடைக்கலையே" என்றேன். "அவங்களுக்குச் சுகர் இறங்கிடுச்சு. சாக்லேட் கொடுத்தேன், கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிட்டாங்க" என்றார். நான் கேட்டது வேறு, அவர் சொன்னது வேறு. அப்புறம், "விடியறதுக்கு முன்னாடி கோயில் திறப்பாங்களாம். நான் போறேன், வரீங்களா?" என்றார்.

போனோம். கல்தெருவில் எங்கள் காலடிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. ஆலயத்தின் பெரிய கதவு மூடிக் கிடந்தது. அதன் சாவியும் திறக்கும் பொறுப்பும் பல நூறு ஆண்டுகளாக இரண்டு இஸ்லாமியக் குடும்பங்களிடம் இருக்கிறது என்று ஃபாதர் சொல்லியிருந்தார். கதவில் உள்ள சின்னத் திறப்பு வழியாக உள்ளேயிருந்து ஓர் ஏணியை நீட்டினார்கள். வெளியே நின்றவர் அதை வாங்கிச் சாய்த்து, ஏறி, மேல்பூட்டைத் திறந்தார். இறங்கி ஒதுங்கி நின்றார். கதவு உள்பக்கமாக விரிந்தது. அந்த விடியலில் அவரைப் பார்த்ததும் எனக்கு யார் நினைவு வந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? அதே நேரத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர்தானே.

கல்லறைக்குள் தட்டுகிறவர் யாரும் இல்லை. நர்ஸ் அம்மா முதலில் போய் வந்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை அனுப்பினார். மண்டியிட்டுச் செபமாலையைப் பளிங்கின்மேல் பரப்பி வைத்தேன். ஒரு மணி மற்றவற்றைவிட வெளுத்திருந்தது, அக்காவின் கட்டைவிரல் எங்கே தொடங்குமோ அந்த மணி. அதைப் பிடித்துக்கொண்டு, அக்கா பெயரைச் சொல்லி, அவர் பிள்ளைகள் பெயரைச் சொல்லி, அவருடைய மூட்டுவலியைச் சொல்லி, எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் நன்றி மட்டும் வந்துகொண்டே இருந்தது. நன்றி ஆண்டவரே, நன்றி. என் அம்மாவின் முதுகில் ஒரு புண் வராமல் காத்தீரே, யார் கையால் காத்தீர் என்பதை நான் அறிவேன். வெளியே ஏற்றிய மெழுகுவர்த்தி இந்த முறை நின்று எரிந்தது. அணைக்க யாரும் வரவில்லை.

அன்றைக்கே எரிகோவுக்குப் புறப்பட்டோம். கள்வர்கள் அடித்துப் போட்ட ஒருவரைச் சமாரியர் ஒருவர் எடுத்துச் சத்திரத்தில் சேர்த்துக் காப்பாற்றினாரே, அந்த நல்ல சமாரியர் உவமையில் வரும் அதே வழி. யெருசலேம் கடல் மட்டத்துக்கு மேலே 750 மீட்டர் போல, எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே 250 மீட்டர் போல. இறங்க இறங்கப் பச்சை என்பதே கண்ணில் படாமல் மொட்டைக் குன்றுகளாக வருகின்றன. ஒருவரை அடித்துப் போட்டால் கேட்க நாதியில்லாத இடம் என்று பார்த்தாலே தெரிகிறது. கடல்மட்டப் பலகை அருகே ஒட்டகத்தை நிறுத்திக்கொண்டு, ஏறு ஏறு என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள், அது ஒரு தொல்லை.

நல்ல சமாரியரின் சத்திரம் என்று காலங்காலமாக வழங்கும் இடத்தில் இப்போது அருங்காட்சியகம். பழைய யூதத் தொழுகைக்கூடங்கள், சமாரியத் தொழுகைக்கூடங்கள், கிறிஸ்தவக் கோயில்கள் ஆகியவற்றின் வண்ணக்கல் தரைகளை ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் உறவு வைத்துக்கொள்ளாத யூதரும் சமாரியரும் நின்று வேண்டிய தரைகள் இப்படி அடுத்தடுத்து! அந்தக் கல் நிழலில் ஃபாதர் லூக்கா 10ஆம் அதிகாரத்தை வாசித்தார். எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டியதையும், இரண்டு தெனாரியம் கொடுத்ததையும்தான் எல்லாப் பிரசங்கத்திலும் கேட்டிருக்கிறேன். தெனாரியம் என்பது அந்நாளில் ஒருநாள் கூலி. எனக்கு அன்றைக்குக் காதில் விழுந்தது 'மறுநாள்' என்ற சொல். மறுநாள்தான் அவர் காசை எடுத்துக் கொடுக்கிறார். அப்படியென்றால் அந்த ராத்திரி முழுக்கக் கூட இருந்து பார்த்திருக்கிறார். காசு நானும்தான் கொடுத்தேன். ராத்திரியில் அம்மா இருமும்போது எழுந்து உட்காரவைத்தது யார்?

கடைசி நாள் சாயங்காலம் ஒலிவ மலையிலிருந்து அக்காவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். படப் புத்தகம் விற்கிறவர்கள் சூழ்ந்துகொண்டு கத்தியதில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. சுவரோரமாக நகர்ந்து நின்றேன். மெழுகுவர்த்தி ஏற்றியதைச் சொன்னதும், "எனக்காகவா? அம்மாவுக்கு ஏத்தியிருக்கலாமேடா" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அங்கேதான பைத்துல் முகத்தஸ், எங்க அக்ஸா பள்ளி இருக்கு? தூரத்துலயாவது தெரியுதா?" என்று கேட்டார்.

போனைத் திருப்பிப் பிடித்தேன். வெயில் சாய்ந்து, தங்கக் குவிமாடம் தகதகவென்று நின்றது. "தெரியுதாக்கா? அந்தத் தங்கம்தான்" என்றேன்.

"அது இல்லம்மா. அதுக்கு இந்தப் பக்கம் சாம்பல் நிறத்துல சின்னதா ஒண்ணு இருக்கும் பாரு. அதுதான் அக்ஸா. கொஞ்சம் இடது பக்கம் திருப்பு."

திருப்பினேன். அக்கா பேசவில்லை. திரையில் அவர் முக்காட்டைச் சரிசெய்துகொள்வது மட்டும் தெரிந்தது. கை வலித்தது, மாற்றிப் பிடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கீழேயிருந்து கூப்பிட்டார்கள். அக்கா போதும் என்று சொல்கிறவரை அப்படியே நின்றேன்.