சாப்பாட்டுக்கு ஆள் உண்டு, சம்பளத்துக்கு?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் முதியோர் இல்லம் நடத்துகிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். அப்பச்சி நினைவு நாள், ஆச்சிக்கு எண்பது என்று ஒருநாள் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட சிங்கப்பூரிலிருந்துகூட ஆள் வரும். அதை ஊட்டிவிடும் ஆயாவின் சம்பளத்துக்கு யாரும் ரசீது கேட்பதில்லை. கொடுப்பவரைக் குறை சொல்ல முடியாது; நம் ரசீதில் அந்த வரியே கிடையாதே.

ராப்பகலாக ஒரு ஆள் இருக்க வேண்டிய இடத்துக்கு, 8 மணி நேரக் கணக்கில் வாரம் 21 ஷிப்ட். ஒருவருக்கு 6 என்றால் மூன்றரைப் பேர். லீவு, காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் சேர்த்து 4. இரண்டே பேரைப் பன்னிரண்டு மணி நேரம் மாற்றி மாற்றி நிறுத்தினால், படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் போடுவது முதலில் நின்றுபோகும். படுக்கைப்புண் வந்தபின் ஆயாவைத் திட்டிப் பயனில்லை.

சம்பளம் 14,000 என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகத்தின் பிஎஃப் பங்கு, இன்சூரன்ஸ், நிர்வாகக் கட்டணம் சேர்த்து 13 சதவீதம், 1,820. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ 3.25 சதவீதம், 455. வேலையை விட்டுப் போகும்போது தரவேண்டிய பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு மாதம் 673 ஒதுக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பத்து வருஷம் உழைத்தவர் விலகும்போது முழிக்கிறார்கள். ஆக 16,948. நால்வருக்கு 67,792, நாளொன்றுக்குச் சுமார் 2,260. இந்தத் தொகையைச் சாப்பாட்டுத் தொகையோடு சேர்த்து ‘ஒருநாள் சாப்பாடும் பணிவிடையும்’ என்று அச்சடியுங்கள். விளக்கம் கேட்பார்கள், கணக்கை நீட்டினால் போதும். செட்டிநாட்டில் கணக்குப் புரியாதவர் யார்?

அடிப்படைச் சம்பளத்தை 6,000 ஆக்கி, மீதியை அலவன்ஸ் என்று உடைத்து பிஎஃப் குறைக்கும் வேலை வேண்டாம். எல்லோருக்கும் ஒரேமாதிரி தரும் அலவன்ஸும் பிஎஃப் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. பாக்கி வட்டியோடும் அபராதத்தோடும் வரும்.

சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம் தரும் கம்பெனி ‘நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான்’ என்றால் தலையாட்டாதீர்கள். அந்த வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் செலவுக்கு. உங்கள் திட்டத்தில் வேலை செய்யும் ஆயா, நர்ஸ் சம்பளத்துக்கு அல்ல. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு வரம்பு 2020-இல் 50-லிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது உண்மை. ஆனால் மருத்துவமனை டாக்டர், பள்ளி ஆசிரியர் போல நோக்கத்துக்காகவே நேரடியாக வேலை செய்பவர்களின் சம்பளம் அதில் வராது. யார் எந்த வேலை என்று நியமன உத்தரவிலேயே தெளிவாக எழுதுங்கள். ஆடிட்டர் கேட்கும்போது காட்ட அதுதான் இருக்கும்.

14,000-க்குக் கையெழுத்து வாங்கி, 4,000-ஐ ‘நன்கொடை’ என்று திரும்ப வாங்குவதற்கு நாசூக்கான பெயரெல்லாம் கிடையாது, திருட்டு. சம்பளம் முழுதும் பேங்கில் போகட்டும்.