பேஸ் இல்லாத மூவர்

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் அம்ப்ரோஸ் அகின்முசிரேயின் ‘ஔல் சாங்’ ஆல்பத்தை இந்த வாரம் நாலு தடவை கேட்டுவிட்டேன். 2023 டிசம்பரில் வந்தது. அவருடைய ட்ரம்பெட், பில் ஃப்ரிசெல்லின் கிட்டார், ஹெர்லின் ரைலியின் டிரம்ஸ், அவ்வளவுதான். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் (bass) வாத்தியம் கிடையாது. கீழே தாங்க ஆளில்லாமல் இசை எப்படி நிற்கும் என்று முதலில் தயங்கினேன்.

ஃப்ரிசெல் ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, அது கரைந்து அடங்கும்வரை காத்திருக்கிறார். அந்த இடைவெளியில் ட்ரம்பெட் வெறும் மூச்சுக்காற்றாக நுழைந்து மெல்ல ஒலியாகிறது. அசுர வேகத்தில் ஊதக்கூடியவர் இப்படி நிதானமாக வாசிப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ரைலியும் எங்கேயும் சத்தம் கூட்டவில்லை.

இன்னொரு ஜாஸ் ஆல்பம், பியானோ கலைஞர் விஜய் ஐயரின் மூவர் குழு வாசித்த ‘கம்பேஷன்’ (2024), இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. அதில் டிரம்ஸ் வாசிக்கும் டைஷான் சோரியின் தாளக்கட்டு மட்டும் விடாமல் இழுக்கிறது. இன்றிரவு மறுபடியும் கேட்கப்போகிறேன், ஹெட்ஃபோனில்.